ரெண்டாவது டைனமோ

டைனமோக்காரர் தன் கடையில் பேட்டரி அடுக்குக்குப் பின்னால் குனிந்து, இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே கிடைத்த இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக் கடையிலேயே திருடனைப் போல ஒளிந்து நிற்கிற நிலைமை ஒரு மனிதனுக்கு வரலாமா? வந்துவிட்டது. எதிர்க்கடை வாசலில் ஐஸ்காரருடைய பிக்கப் வண்டி நின்றது. பானெட் திறந்திருந்தது.

பானெட் மூடியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். நிழலுக்காக நிறுத்தியிருப்பார், யாரையோ பார்க்க வந்திருப்பார் என்று எதையாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். திறந்த பானெட்டுக்குச் சமாதானம் ஏது? அதற்குள் எதிர்க்கடைக்காரன் பாதி உடம்பை விட்டிருந்தான். ஐஸ்காரர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

டார்ச்! இத்தனை வருஷத்தில் நம் கடையில் ஒரு நாளாவது டார்ச் பிடித்திருப்பாரா இந்த மனிதர்?

"என்னங்க, அங்க என்ன தேடறீங்க?"

மாடி வீட்டிலிருந்து மனைவி டீயோடு இறங்கி வந்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு நட்டு உருண்டு போச்சு."

அவள் அவர் கண் போன திசையைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "அந்த ஆளா? வந்தா வரார், வராட்டிப் போறார். அவர் சகவாசமே நமக்கு வேண்டாம். டீயைக் குடிங்க."

டைனமோக்காரர் டீயைக் குடித்தார். கண் மட்டும் இடுக்கை விட்டு நகரவில்லை.

அந்த வண்டி பழைய டீசல் வண்டி. பின்னால் ஃப்ரீஸர் பெட்டி, அதற்குள் ஐஸ்கிரீம். வண்டியில் ஓடுகிற டைனமோ இவர் கையால் வைத்தது. ஆல்டர்னேட்டர் என்று அதற்குப் புத்தகப் பெயர் உண்டு. இந்தத் தெருவில் அதைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே அது டைனமோ. இவர் டைனமோக்காரர். வைத்த நாளிலிருந்து அது ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை. ஆனாலும் ஐஸ்காரர் தினமும் காலையில் வருவார். கடை வாசலில் ஏதோ ஒரு காரிலிருந்து கழட்டிப் போட்ட பழைய சீட் கிடக்கும். அதில் இருவரும் உட்காருவார்கள். டீ வரும். குடிப்பார்கள். பேச மாட்டார்கள்.

பேச ஒன்றுமில்லாமல் இல்லை. இருவருமே பாதி வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொள்கிற ரகம். உலகத்தில் பேசுவதற்கு ஆள் கிடைப்பது சுலபம். கூட உட்கார்ந்து பேசாமல் இருப்பதற்கு ஓர் ஆள் கிடைப்பது அபூர்வம். டம்ளர் காலியானதும் ஐஸ்காரர் "ம்" என்பார். இவரும் "ம்" என்பார். வண்டி கிளம்பிவிடும். அதற்குப் பிறகுதான் டைனமோக்காரருக்கு அன்றைய பொழுது தொடங்கும்.

சில நாளாக ஐஸ்காரர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று இவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நல்ல உடம்போடு எதிர்க்கடையில் நிற்கிறார்!

போய் நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். வெறும் கையோடு போனால் கேவலம். ஏதாவது காரணம் வேண்டும்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு ஸ்பேனர் வாங்கிட்டு வரேன்."

எதிர்க்கடைக்காரன் வயதில் சின்னவன். கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே சுழலும் நாற்காலி ஒன்று. வாயும் அந்த நாற்காலியைப் போலத்தான், தொட்டால் போதும், சுற்ற ஆரம்பித்துவிடும்.

"அண்ணே! வாங்க வாங்க! நீங்க நம்ம கடைக்கு வர்றதாவது! உட்காருங்க, நாற்காலியைத் தொடைக்கறேன்..."

"பதினாலாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

"உங்ககிட்ட இல்லாத ஸ்பேனரா அண்ணே?"

"இருக்கு. தேய்ஞ்சு போச்சு."

சொல்லிக்கொண்டே பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் வைத்த டைனமோவை இடம் பெயர்த்துக் கீழே தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் பளபளவென்று புதிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"பெரிய ஃப்ரீஸரா மாத்திட்டார்ல அண்ணே," என்றான் எதிர்க்கடைக்காரன். "ஒண்ணு தாங்கல. அதான் ரெண்டாவது ஒண்ணு வச்சுட்டோம். உங்களுது இன்ஜின் பேட்டரியைப் பாத்துக்கும், இது ஃப்ரீஸரைப் பாத்துக்கும். சண்டை சச்சரவே கிடையாது. எப்படி யோசனை?"

யோசனையா? போன கோடையில் ஐஸ்கிரீம் உருகி வழிந்தபோது, "ரெண்டாவது ஒண்ணு வச்சாத்தான் தாங்கும்" என்று சொன்னவரே இவர்தான். அதற்கப்புறமும் பலமுறை சொன்னார். விதைத்தவன் இங்கே நிற்கிறான், அறுத்துக்கொண்டு போகிறவன் நாற்காலி துடைக்கிறான்.

ஐஸ்காரர் டார்ச்சை ஏற்றி அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நல்லது," என்றார் டைனமோக்காரர்.

"ம்," என்றார் ஐஸ்காரர்.

அந்த "ம்" பழைய "ம்" இல்லை. பழைய "ம்" வயிற்றிலிருந்து வரும். இது மூக்கிலிருந்து வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் தள்ளி உட்காரச் சொன்னால் சொல்கிற "ம்".

ஸ்பேனரை வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பியவர் அதை முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடைக்காரன் வந்து நின்றான்.

"அண்ணே, அந்த ஸ்பேனர்... புதுசைத் தாங்குற பிராக்கெட்டுக்கு அதுதான் வேணும். முடிச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"எந்த வண்டிக்கு அண்ணே?"

கடையில் ஒரு வண்டியும் இல்லை. "வரப்போற வண்டிக்கு," என்றார் டைனமோக்காரர்.

ஸ்பேனர் இல்லாமல் எப்படி முடிக்கிறான் பார்ப்போம் என்று இருந்தார். அவன் முடிக்கவில்லை. அதனால் வண்டி அன்று முழுவதும் எதிர்க்கடையிலேயே நின்றது. வண்டி நின்றதால் ஐஸ்காரரும் நின்றார். நின்றவரை எதிர்க்கடைக்காரன் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்தான். சாயங்காலம் வரை பேசினான். ஐஸ்காரர் சிரித்தார். கண்ணாடிக் கதவு வழியாகச் சத்தம் கேட்கவில்லை, பல் தெரிந்தது. இவருக்கு இதுவரை தெரியாத ஒரு கடைவாய்ப் பல்கூடத் தெரிந்தது.

டைனமோக்காரர் எழுந்துபோய் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்: "ரெண்டாவது வச்சுட்டார்."

கரண்டி தட்டில் நங்கென்று விழுந்தது. "வச்சாச்சா?"

"வச்சாச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் செஞ்சு வைக்க மாட்டேனா?"

அவள் அவரையே பார்த்தாள். "நீங்க செஞ்சு வைப்பீங்க. அது தெரிஞ்சதுதானே."

"எதிர்க்கடைக்காரன்தான் எல்லாத்தையும் முன்னாடி நின்னு பண்ணிக் குடுத்திருக்கான்."

"அவனையும் இனிமே இந்தப் பக்கம் சேர்க்காதீங்க."

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு மனிதனின் தோல்வியில் பங்கெடுக்க வீட்டில் ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல். "முதல்ல உள்ளதை நினைச்சாத்தான் பாவமா இருக்கு," என்றார். "இத்தனை வருஷம் இரவு பகல் பாக்காம ஓடி ஓடி உழைச்சுது. அதைப் போய் ஒரு மூலைல தள்ளிட்டாங்க."

"அது பாவம், என்ன பண்ணும்?" என்றாள் மனைவி. குரல் கம்மியிருந்தது. "வாயில்லாப் பூச்சி."

அன்றிலிருந்து மனைவியின் அன்பு அதிகமாயிற்று. நல்லதாக உடுத்திக்கொண்டு, தலை வாரி, பத்து மணிக்கே கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். அவர் எழுந்தால் "எங்க?" என்றாள். போனில் பேசினால் "யாரு?" என்றாள். துக்க வீட்டில் சொந்தக்காரர்கள் கூடவே இருப்பதில்லையா, அப்படித்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஐஸ்காரர் வண்டி தெருவில் திரும்பியபோது 'கீ...ச்' என்று ஒரு சத்தம் கேட்டது. பூனை வாலை மிதித்தாற்போல. வண்டி நகர நகரச் சத்தமும் நகர்ந்தது.

டைனமோக்காரர் துள்ளி எழுந்தார். பெல்ட்! பிராக்கெட் ஒரு நூல் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் சுற்றுகிற புல்லி நேரில் இல்லை. அதான் பெல்ட் கத்துகிறது.

"கேட்டியா?" என்றார் மனைவியிடம். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் களை வந்திருந்தது. "ரெண்டும் ஒத்துப் போகல. வச்ச மறுநாளே கூப்பாடு."

"ஒத்துப் போகுமா? எந்த ஊர்ல ஒத்துப் போயிருக்கு?"

"போகும். பக்குவம் தெரிஞ்சவன் கையில குடுத்திருந்தா ரெண்டும் சத்தமில்லாம ஓடும். நானே எத்தனை இடத்துல பாத்திருக்கேன்."

மனைவி விருட்டென்று எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

இன்றோ நாளையோ ஐஸ்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார் என்று இவர் காத்திருந்தார். பழைய சீட்டைத் தூசி தட்டி வைத்தார். ஐஸ்காரர் வந்தார், எதிர்க்கடைக்கு. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். சத்தம் நிற்கிற பாடில்லை. ஒவ்வொரு தரமும் எதிர்க்கடைக்காரன் பெல்ட்டை ஒரு தட்டு தட்டி, "பழகினா சரியாயிடும்" என்றான். ஒவ்வொரு தரமும் டீ வந்தது.

டைனமோக்காரருக்கு அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. கெட்டுப்போனால் திரும்பி வருவார் என்று நினைத்தது தப்பு. கெட்டுப்போகப் போகத்தான் உறவு நெருங்குகிறது. ஒரு தடவையும் கெடாத வேலை செய்தவனை யார் தேடுவார்கள்? வாழ்க்கையை முதலிலிருந்தே தப்பாக வாழ்ந்துவிட்டோமோ என்று தோன்றியது.

போதாக்குறைக்கு, போகிறவர் வருகிறவரெல்லாம் இவர் கடையில் எட்டிப் பார்த்தார்கள். "அண்ணே, உங்க வண்டி ஏன் இப்படிக் கத்துது?"

"அது என் வண்டி இல்ல."

"நீங்கதானே அண்ணே அதுக்கு எல்லாம்?"

இந்தக் கேள்விதான் முள்ளாகக் குத்தியது. அவன் செய்த கோணல், இவர் பெயரில் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகிறது.

மறுநாள் மத்தியானம் வண்டி எதிர்க்கடை வாசலில் நின்றது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே எதிர்க்கடைக்காரனும் ஐஸ்காரரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே டப்பா. டைனமோக்காரர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை. மூடியில் ஒருத்தர், டப்பாவில் ஒருத்தர். பங்கு போட்டுச் சாப்பிடுகிற அளவுக்குப் போய்விட்டது.

மனைவி மாடியில் இருந்தாள். அவர் இரண்டு வாஷரையும் தன் தேய்ந்த ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்.

வண்டியின் இடது பக்கக் கதவு பூட்டாது. அது ஐஸ்காரருக்கும் அவர் மனைவிக்கும் இவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். எதிர்க்கடைக்காரனுக்கும் சொல்லியிருப்பாரோ என்று ஒரு கணம் நின்று வேதனைப்பட்டார். பிறகு கதவைத் திறந்து, உள்ளே இருந்த லீவரை இழுத்து, பானெட்டைத் தூக்கி, பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி, வாஷரை நுழைத்து இறுக்கினார். புல்லி நூல் பிடித்தது போல நேரே நின்றது. கை அந்த வேலையை ரசித்தது. மனம் கையைத் திட்டியது.

சாயங்காலம் வண்டி கிளம்பியது. சத்தமே இல்லை.

எதிர்க்கடைக்காரன் நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் விரித்தான். "பாத்தீங்களா? பழகினா போயிடும்னு சொன்னேன்ல!"

"கை ராசி," என்றார் ஐஸ்காரர், தெருவுக்கே கேட்கும்படி.

டைனமோக்காரர் பேட்டரி அடுக்கைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷ நட்பில் தனக்கு ஒரு "ம்". அவனுக்கு ஒரு முழு வார்த்தை! இல்லை, இரண்டு வார்த்தை!

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிற்று. எதிர்க்கடையின் கை ராசி ஊரெல்லாம் பரவியது. பால் வண்டி, காய்கறி வண்டி, பந்தல் சாமான் வண்டி எல்லாம் அங்கே வரிசை கட்டி நின்றன. இடம் கிடைக்காத பால் வண்டிக்காரர் ஒருவர் மட்டும் தெருவைக் கடந்து இவரிடம் வந்தார்.

"அண்ணே, நானும் ரெண்டாவது ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். எதிர்ல கூட்டமா இருக்கு. நீங்க முடிச்சுத் தருவீங்களா?"

டைனமோக்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி துடைப்பத்தோடு எழுந்துவிட்டாள்.

"இங்க அந்தப் பேச்சே கிடையாது! இருக்கறதை வச்சு ஒழுங்கா ஓட்டத் தெரியல, வந்துட்டார் ரெண்டாவதுக்கு! கிளம்புங்க! உங்க வயசுக்கு வெக்கமா இல்ல?"

"என் வயசுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டுக்கொண்டே பால் வண்டிக்காரர் பின்வாங்கினார்.

"ஊரே கெட்டுப் போச்சு," என்றாள் மனைவி, மூச்சு வாங்க.

கையில் வந்த ஒரே வேலையும் போயிற்று. ஆனாலும் டைனமோக்காரர் அவளைக் கோபிக்கவில்லை. எதிர்க்கடைக்காரனின் மிச்சம் மீதி நமக்கு வேண்டாம் என்கிற ரோஷம்! தனக்கே இல்லாத ரோஷம். அவள் முன்னால் அவர் சற்றுக் கூனிக்குறுகினார். அந்தக் கூச்சம்தான் அவரை மறுபடியும் தெருவைக் கடக்க வைத்தது.

இந்த முறை கணக்கு எளிது. எதிர்க்கடைக்காரன் வைத்த டைனமோவின் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். ஃப்ரீஸர் நிற்கும். கை ராசியும் ஐஸோடு ஐஸாக உருகும். பாவம்தான். ஆனால் அந்தக் கடைவாய்ப் பல்லை நினைத்தால் பாவம் பெரிதாகத் தெரியவில்லை.

அன்று ஐஸ்காரரின் மனைவியும் சாப்பாட்டோடு வந்திருந்தாள். உள்ளே மூன்று பேரின் சிரிப்பு. குடும்பமே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே அவர் பானெட்டைத் தூக்கினார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவசரம். இத்தனை வருஷமாக 'மேலே இருப்பது நம்முடையது' என்றே பழகிய கை, 'நம்முடையதைத் தொடாதே' என்று நேராகக் கீழே போயிற்று. பிடித்தது. பிடுங்கியது.

பிடுங்கிய பிறகுதான் வயர் முனையைப் பார்த்தார். அதில் சுற்றியிருந்த பச்சை டேப் அவரே சுற்றியது. கீழே தள்ளப்பட்டது தன்னுடைய டைனமோ அல்லவா? தன் கையாலேயே தன் பிழைப்பின் கழுத்தை நெரித்துவிட்டார்.

திரும்பச் சொருகுவதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. பானெட்டை அப்படியே அழுத்தி மூடினார். ஓட நேரமில்லை. வண்டியின் பின்பக்கம் ஏறி, ஃப்ரீஸருக்கும் பலகைக்கும் நடுவே நுழைந்து, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டார்.

இரண்டு கதவுகள் மூடின. இன்ஜின் உறுமியது. வண்டி கிளம்பிவிட்டது.

ஃப்ரீஸரைப் பற்றி இதுவரை அறியாத ஒன்றை அங்கே அவர் அறிந்தார். அதற்குள்ளேதான் குளிர். வெளியே, அதன் விசிறி ஓயாமல் அனலைக் கக்குகிறது. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுக்கிற பெட்டி, ஒட்டி உட்கார்ந்தவனைப் பொசுக்குகிறது. வியர்வை ஆறாக ஓடியது. அந்தப் புது டைனமோ அப்படி வேலை செய்தது. ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுதான் அனலைவிட அதிகமாகச் சுட்டது.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"ஏங்க, இந்த மீட்டர்ல முள்ளு ஏன் படுத்துக்கிச்சு?" ஐஸ்காரர் மனைவியின் குரல்.

"எது?"

"முதல்ல உள்ளதோடது. அண்ணன் வச்சது."

நெடுநேரம் பதில் இல்லை. அந்த மௌனத்தை டைனமோக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். அது தன் கடை வாசல் மௌனம். கண்ணை மூடிக்கொண்டு அதில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார்.

"போயிடுச்சு போல," என்றார் ஐஸ்காரர் கடைசியில். "அண்ணனே வேண்டாம்னுட்டார். அது மட்டும் எதுக்கு ஓடணும்?"

"அப்ப?"

"கழட்டிட வேண்டியதுதான்."

தார்ப்பாய்க்குள்ளிருந்து இரண்டு கைகள் வெளியே வந்து கண்ணாடிச் சட்டத்தைப் படபடவென்று அடித்தன.

"கழட்டாதீங்க! அது நல்லாத்தான் இருக்கு! நான்தான் பிடுங்கினேன்!"

ஐஸ்காரர் மனைவி வீல் என்று கத்தினாள். பிரேக் போட்ட வேகத்தில் டைனமோக்காரர் ஃப்ரீஸர்மேல் போய் விழுந்தார். வண்டி ஓரமாக நின்றது. தார்ப்பாய் விலகியது. வெளிச்சத்தில் ஐஸ்காரர் முகம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே," என்றார் ஐஸ்காரர். "இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா. காத்து வாங்கலாம்னு."

டைனமோக்காரர் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. ஐஸ்காரர் ஃப்ரீஸரைத் திறந்து ஒரு குச்சி ஐஸை எடுத்து நீட்டினார். அந்தக் குச்சியை வாங்கியதும்தான் இவருக்கு அடைத்து வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷத்துக்குப் பேச வேண்டியதை ஒரே மூச்சில் பேசிவிட்டார்.

"ஏன்யா, டார்ச் பிடிச்சியே! என் கடையில ஒரு நாள் பிடிச்சியா? அவன்கூட ஒரே டப்பாவுல சாப்பிடறே! கை ராசிங்கறே! அந்த பெல்ட்டுச் சத்தத்தை நிறுத்தினது யாருன்னு நினைச்சே? வாஷர் வச்சது நானு! ரெண்டாவது வைக்கணும்னு முதல்ல சொன்னது யாரு? நானு! அதை எதிர்ல போய் வச்சுக்கிட்டா என் வயிறு எரியுமா எரியாதா?"

ஐஸ்காரர் ஃப்ரீஸர் மூடியைச் சாத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்கதானே அண்ணே எங்களை வர வேண்டாம்னுட்டீங்க."

"நானா?"

"உங்க வீட்ல சொன்னாங்க. இந்த விஷயமா எங்க வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு. உங்களுக்கு என்ன கோபமோன்னு நானும் எத்தனையோ நாள் கேக்கலாம்னு நினைச்சேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

குச்சி ஐஸ் டைனமோக்காரரின் மணிக்கட்டில் வழிந்தது. மனைவியா? தன் தோல்விக்குக் கூட இருந்து குரல் கம்மியவளா? துடைப்பத்தை எடுத்து ரோஷம் காட்டியவளா?

"அவ எதுக்கு அப்படிச் சொன்னா?"

இரண்டு ஆண்களும் ஐஸ்காரரின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் இன்னும் படபடப்பு அடங்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அதான் எனக்கும் புரியலண்ணே, இவர் வாயைத் திறக்க மாட்டாரேன்னு நான்தான் அக்காவுக்குப் போன் போட்டேன், 'எங்க வீட்டுக்காரர் ரெண்டாவது ஒண்ணு வச்சுக்கப் போறார்க்கா, எனக்கும் முழு சம்மதம், ஒண்ணு போதவே போதாதுன்னு உங்க வீட்டுக்காரரும் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருக்கார், அவரையே முன்னாடி நின்னு முடிச்சு வைக்கச் சொல்லுங்க'ன்னு இவ்வளவுதான் சொன்னேன், அதுக்கு அக்கா போன்லயே அப்படி ஒரு அழுகை!"